விஜயதசமி அன்று நூறு டிகிரி

விஜயதசமி காலை பத்தரை மணி. வில்லாபுரத்து வீட்டின் மாடியறையில் தமிழ்ச்செல்வியின் கம்ப்யூட்டர் மூன்றாவது தடவையாக உயிரை விட்டது. திரையில் கடைசியாகத் தெரிந்த எண் நூறு. நூறு டிகிரி. அதன் பிறகு கும்மிருட்டு.

"போச்சு டீச்சர். கண்ணு முன்னாடியே போயிருச்சு பாருங்க" என்றாள் தமிழ்ச்செல்வி.

சாருலதா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எதிர் வீட்டுக்காரர், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுப்பவர். போன வருடம் திருட்டுப்போன தண்ணீர் மோட்டாரை அது போடும் சத்தத்தை வைத்தே அடுத்த தெருவில் பிடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தப் பக்கத்தில் எது காணாமல் போனாலும், எது கெட்டுப்போனாலும் முதல் போன் அவருக்குத்தான். அவரும் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

"எப்ப அனுப்பணும்?"

"சாயங்காலம் ஆறுக்குள்ள. கோயம்புத்தூர் கம்பெனி. கட்டப்போற வீட்டை உள்ளுக்குள்ள சுத்திக் காட்டுற வீடியோ. இது ஒழுங்காப் போச்சுன்னா அவங்க கட்டுற காலனி முழுக்க நான்தான் செய்யணும். போகலேன்னா..." கீழே அடுப்படிப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "பழையபடி ஸ்கூல் வேலைக்கே போன்னு அத்தை சொல்லுவாக. பெட்டி முன்னாடி உக்காந்திருக்கிறதெல்லாம் அவுகளுக்கு ஒரு வேலையே இல்ல."

கதவோரம் ஜெயபாண்டி நின்றான். தமிழ்ச்செல்வியின் கொழுந்தன். பாகம் பாகமாக வாங்கி இந்தக் கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தவன் அவன்தான். ஜாமீன் கிடைக்காதவன் மாதிரி இருந்தது முகம்.

"வேகத்தை ஏத்தி விட்டது நீங்களா?"

"நான்தான் டீச்சர். ஓவர்கிளாக். கம்பெனி குடுத்த வேகத்துக்கு மேல ஓடுது. அதுக்குத் தக்கன பெரிய கூலரும் போட்டிருக்கேன். சித்திரை வெயில்லயே எழுபத்தஞ்சைத் தாண்டல. நேத்து மழை பெஞ்சு ஊரே குளுந்து கெடக்கு. இன்னைக்குப் போயி நூறு காட்டுது!"

"அதத்தான அப்பவே சொன்னேன், ஏத்தாதீக ஏத்தாதீகன்னு" என்றாள் தமிழ்ச்செல்வி.

"மதினி, வேகம் பத்தலன்னு நீங்கதான கேட்டீக?"

"சண்டைய அப்புறம் வச்சுக்கங்க" என்றார் சாருலதா. "ஜெயபாண்டி, வேகத்தைப் பழைய அளவுக்கே இறக்கிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அப்பவும் சூடு தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ வரல."

"அப்ப குத்தவாளி நீங்க இல்ல."

ஜெயபாண்டிக்கு மூச்சு வந்தது.

"வேகம்தான் காரணம்னா வேகம் இறங்குனதும் சூடும் இறங்கியிருக்கணும். இது வேற கை. ஆனா கம்ப்யூட்டர் சாதா வேகத்துல ஓடுனா ஆறு மணிக்குள்ள வீடியோ முடியுமா?"

"முடியாது" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

சாருலதா பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொல்லி, மறுபடி ஓட விட்டார். காற்றாடி சுழன்றது. திரையில் எண் எழுபது, எண்பது, தொண்ணூறு என்று ஏறியது. அவர் பிராசசர் மேல் உட்கார்ந்திருந்த கூலரின் தகடுகளில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவேயில்லை.

"டீச்சர், சுட்டுறப் போவுது!"

"சுட்டா நல்லதாச்சே. தொட்டுப் பாருங்க."

ஜெயபாண்டி தொட்டான். தகடுகள் சில்லென்று இருந்தன. உள்ளே பிராசசர் கொதிக்கிறது. அந்தச் சூட்டை வாங்கி வெளியே தள்ள வேண்டிய கூலருக்கோ ஒரு தகவலும் போய்ச் சேரவில்லை. சாருலதா சுவிட்சை அணைத்தார்.

"இத யாரு கடைசியாக் கழட்டுனது?"

"நேத்துக் காலையில நான்தான். ஆயுத பூசையாச்சே, தூசி தட்டி, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவுல பூசுற பேஸ்ட் பழசாகியிருந்ததத் தொடச்சு எடுத்தேன். பூசைக்கு வச்சத மறுநாள் வரைக்கும் தொடக் கூடாதுல்ல. கழட்டுனது கழட்டுனபடி சாமி முன்னாடி வச்சுட்டு டி. கல்லுப்பட்டிக்குப் போயிட்டேன். அங்க கூட்டாளி பட்டறையில பூசை. மழையில திரும்ப முடியல."

"கூலரை எப்படி வச்சிருந்தீங்க?"

"கவுத்தி. பிராசசர்ல படுற செம்பு அடி மேல பாத்தாப்ல. கீறல் விழுகக் கூடாதுல்ல."

"இன்னைக்கு மாட்டுனது?"

"அண்ணே. விசயதசமிக்கு நல்ல நேரத்துல மதினி வேலைய ஆரம்பிக்கட்டும்னு அவரே மாட்டுனாரு. நான் பஸ்ல வந்துக்கிட்டே வீடியோ கால்ல பாத்தேன். பிராசசர் மேல பட்டாணி அளவு பேஸ்ட் வச்சாரு. கூலரை உக்கார வச்சு நாலு ஸ்க்ரூவையும் முடுக்குனாரு. ஒரு குத்தம் சொல்ல முடியாது."

அந்த நேரத்தில் தமிழ்ச்செல்வியின் கணவன் முத்துக்குமரன் காபியோடு மேலே வந்தான். தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. அதிர்ந்து பேசாத ஆள். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்ததும் காபி தட்டில் தளும்பியது.

"கூலரைக் கழட்ட வேணாம் டீச்சர். பிராசசர் அவிஞ்சு போயிருக்கும். புதுசே வாங்கிருவோம்."

"என்னண்ணே சொல்ற?" ஜெயபாண்டி வாயைப் பிளந்தான். "செருப்பு அறுந்தா மூணு தடவ தைக்கிற ஆளு நீ!"

முத்துக்குமரன் தட்டை நீட்டினான். சாருலதா காபியை எடுத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். மானிட்டர் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். கீபோர்டு ஓரத்தில் ஒன்று. மவுஸ் முதுகில் ஒன்று. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியில் ஒன்று. காபியைக் குடித்துவிட்டு டம்ளரோடு கீழே இறங்கினார்.

மாமியார் சோலையம்மாள் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார். மிக்சி, கிரைண்டர், அருவாமனை, எல்லாவற்றுக்கும் பொட்டு.

"ஒன்னு விடாம வச்சிருக்கீங்களேம்மா."

"பின்ன? ஒன்னுக்கு வச்சு ஒன்ன விட்டா அது கோவிச்சுக்கிராதா? டிவி ரிமோட்டு வரைக்கும் வச்சேன்."

"மருமக கம்ப்யூட்டருக்குமா? போன வருசம் பாத்த ஞாபகம் இல்லையே."

சோலையம்மாள் கரண்டியை ஒரு கிண்டு கிண்டினார். "போன வருசம் வைக்கல. இந்த வருசந்தேன் வச்சேன். அம்புட்டு நேரம் முதுகு ஒடிய உக்காந்திருக்கா. அதுவும் ஆயுதந்தேன்னு தோணுச்சு. பூசைக்கு எடுத்து வச்சதுல எதையும் விடல."

"அது போதும்மா" என்று சாருலதா படியேறினார். பாதிப் படியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாடியில் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

"இந்த வீட்டுல பூசைக்கு வச்ச ஒவ்வொரு சாமானுக்கும் பொட்டு இருக்கு. ஒன்னே ஒன்னுல மட்டும் காணோம். கூலரு. நாலு பக்கமும் பாத்துட்டேன். ஆனா சோலையம்மா விடலேன்னு சொல்றாங்க, அவங்க விடுற ஆளும் இல்ல. அப்ப அந்தப் பொட்டு எங்க?"

ஜெயபாண்டி குனிந்து கூலரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"கூலர் மேலெல்லாம் தகடு. பொட்டு வைக்க எடமே கிடையாது. கவுத்தி வச்சிருந்தப்ப மொகம் மாதிரி பளபளன்னு தெரிஞ்சது செம்பு அடி மட்டும்தான். கழட்டுங்க ஜெயபாண்டி."

நான்கு ஸ்க்ரூவும் வந்தன. கூலரைத் திருப்பினான். செம்பின் ஓரங்களில் சாம்பல் நிறப் பேஸ்ட் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நட்ட நடுவில் காசளவுக்கு இறுகிப்போன சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"பேஸ்ட் தலைமுடி கனத்துக்கு நின்னாத்தான் சூட்டைக் கடத்தும். நடுவுல இந்தக் கட்டி நின்னதால கூலர் பிராசசரைத் தொடவே இல்ல. வீடியோ கால்ல ஜெயபாண்டி பாத்தது பிராசசரை. கூலரோட அடியைப் பாத்தது ஒரே ஆளுதான். அதைக் கையில பிடிச்சு உக்கார வச்ச ஆளு." சாருலதா திரும்பினார். "முத்துக்குமரன், கழட்ட வேணாம்னு நீங்க சொன்னப்பவே எனக்குச் சந்தேகம். நீங்க பொட்டைப் பாத்தீங்க. பாத்தும் துடைக்கல. ஏன்?"

முத்துக்குமரன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மா மொத தடவையா இதுக்குப் பொட்டு வச்சிருந்தாங்க டீச்சர். இந்த வீட்டுல இவ செய்யிறதும் வேலைன்னு நேத்துத்தான் ஒத்துக்கிட்டாங்க. அத எப்படி நான் அழிப்பேன்? ஒரு பொட்டு என்ன செஞ்சுரப் போவுதுன்னு நெனச்சேன். சூடு ஏறுனதுக்கப்புறம் சொல்லியிருந்தா அம்மாவாலதான் கெட்டுச்சுன்னு ஆயிரும். இனிமே வாழ்நாளுக்கும் வைக்க மாட்டாங்க."

"அதுக்கு என்னைய தூக்குல போட்டுட்டியேண்ணே!"

தமிழ்ச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அட கூறுகெட்டவனே!"

வாசலில் சோலையம்மாள். எப்போது ஏறி வந்தாரோ, தெரியவில்லை. "காலையிலயே மறுபூசை முடிஞ்சு சாமி எந்திரிச்சுப் போயாச்சு. அதுக்கப்புறம் அது வெறுஞ் சந்தனந்தேன்டா. நான் வச்ச பொட்டுக்காக அவ பொழப்பக் கெடுப்பியா? எதுலய்யா தொடைக்கணும்?"

ஜெயபாண்டி ஸ்பிரிட் நனைத்த துணியைக் கொடுத்தான். சோலையம்மாள் கூலரை மடியில் வைத்துக்கொண்டு, வெண்கலப் பானை விளக்குகிறவர் போல, செம்பு பளிச்சிடும்வரை அழுத்தித் துடைத்தார். ஜெயபாண்டி பிராசசரைத் துடைத்துப் புதுப் பேஸ்ட் வைத்தான். கூலரை முத்துக்குமரனே உட்கார வைத்தான்.

வேகத்தை மறுபடி ஏற்றினார்கள். எண் அறுபதைத் தாண்டியது. அறுபத்தெட்டில் நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. சாருலதா தகடுகளில் விரலை வைத்து, "இப்ப சுடுது" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"முடிஞ்சிருமா மதினி?"

"அஞ்சு மணிக்கே முடிஞ்சிரும்."

திரையில், இன்னும் கட்டப்படாத வீடு அறை அறையாகத் திறந்துகொண்டது. கூடம், படிக்கட்டு, படுக்கையறை. சோலையம்மாள் கீழே போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏத்தா, இம்புட்டுப் பெரிய வீட்டுல அடுப்படிக்கு ஒரு சன்னல் வைக்கலயே? உள்ள நிக்கிறவ வெந்து சாகவா?"

"அத நான் வரையல அத்தே. கம்பெனி இஞ்சினியரு வரைஞ்சு குடுத்தது."

"அப்ப அந்தாளுக்கு ஒரு போனப் போடு. நான் பேசுறேன்."