திரைக்கு அந்தப் பக்கம்

கதாநாயகியின் முந்தானை தப்பான தோளில் கிடந்தது. நல்லையா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். இளவயதில் பார்த்த அதே கறுப்பு வெள்ளைப் படம், அதே ஆறு, அதே இடிந்த மண்டபம், அதே முகம். ஆனால் இவள் முந்தானையை இடது தோளில் போட்டு, வலது கையால் காதலனைக் கூப்பிட்டாள்.

“இது அந்தப் படம் இல்ல புள்ள.”

கஹவத்தை டவுனில் துணிக்கடை வேலை முடிந்து வந்த மகள் ஷாமிளா, காம்பரா அறையின் குறுக்கே கயிறு கட்டி, மழையில் காயாத பெட்ஷீட்டை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். “அதே படந்தாம்பா. நீங்க திரைக்குப் பின்னால உக்காந்து பாத்தீங்கல்ல? அப்பிடிப் பாத்தா எல்லாம் இடம் வலமா மாறித்தான் தெரியும்.”

உண்மைதான். அந்தக் காலத்தில் தோட்டத்தில் படம் போட்டால் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டுவார்கள். மெஷின் இருக்கும் பக்கம் கிளாக்கர், கணக்கப்பிள்ளை குடும்பங்களுக்கு நாற்காலி. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்களுக்கு மறுபக்கத்துப் புல்தரை. அங்கேதான், பிறகு அவர் கட்டிக்கொண்ட சுப்பம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். படத்தில், இன்னொருத்தன் பெண்டாட்டியாகிவிட்டவளை விடமாட்டேன் என்று பைத்தியமாய் அலைகிற காதலன். செத்த பிறகும் அவனைக் கூட்டிப்போக ஆற்றங்கரைக்கு வருகிற அவள். லயமே மூக்கைச் சிந்தியது. சுப்பம்மா மட்டும் அழவில்லை. மறுநாளிலிருந்து, திரையில் பார்த்த மாதிரியே முந்தானையை வலது தோளில் போட்டாள். எல்லாரும் கேலி பண்ணியும் கடைசிவரை மாற்றவில்லை.

கல்யாணமான புதிதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நம்மள்ல முந்திப் போறவங்க வந்து மத்தவங்களக் கூட்டிக்கிட்டுப் போகணும். நான் வந்தேன்னா வெறுங்கையோட திரும்பமாட்டேன், பாத்துக்கங்க.”

அவரும் சந்தோஷமாகச் சத்தியம் பண்ணினார். அந்த வயதில் சாவு என்பது படத்தில் வருகிற சமாசாரம்.

மாசியில் சுப்பம்மா போய்விட்டாள். பிரேதத்துக்குச் சேலை உடுத்திய பெண்களிடம், முந்தானையை எல்லாரையும் போல இடது தோளில் போடச் சொன்னவர் நல்லையாதான். அப்படிப் போனால் பழைய சத்தியம் அவளுக்கு மறந்துவிடும் என்று நினைத்தார். அவள்மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனாலும் போக மனமில்லை. வெயில் காயவும், பிளேன்டீ குடிக்கவும், பிந்திப் பிறந்த இந்த ஒற்றை மகளின் பேச்சைக் கேட்கவும் இன்னும் ஆசையாக இருந்தது.

கரண்ட் போனது.

“இருங்கப்பா, லாம்பு பத்தவச்சிட்டு வாறேன்.” ஷாமிளா பெட்ஷீட்டை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் குசினி அடுப்படிக்குப் போனாள்.

தகரத்தில் மழை ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. ஈரத்துணி வாடையும், அடுப்பில் அணைந்த விறகின் புகையும், ரப்பர் ஸ்டோர் பக்கமிருந்து வரும் ஒட்டுப்பாலின் புளித்த நாற்றமும் கலந்திருந்த அந்த அந்தி இருட்டில், புதிதாய் வெட்டிய மண்ணின் வாசம் மெதுவாக மேலேறி வந்தது. கையிலிருந்த போனில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

முந்தானை வலது தோளில் இருந்தது. அவள் இடது கையைத் தூக்கினாள்.

போன் அணைந்தது.

பெட்ஷீட்டுக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் எழுந்தது. துணியில் ஒரு பெண்ணின் நிழல் விழுந்தது.

“ஷாமிளா?”

ஷாமிளா கவுன் போட்டிருந்தாள். பின்னல் போட்டிருந்தாள். இந்த நிழலுக்குக் கொண்டை. வலது தோளிலிருந்து முந்தானை தொங்கியது.

இடது கை உயர்ந்தது. கூப்பிட்டது.

“நான் வரல சுப்பம்மா.” அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. “என்னைய விட்டுரு. நான் வரல.”

கை நின்றது. இறங்கியது. நிழல் திரும்பிக்கொண்டது. நல்லையாவுக்கு மூச்சு வந்தது. இத்தனை மாதம் பயந்தது இவ்வளவுதானா என்று அழுகையும் வந்தது.

அப்போது அந்தப் பக்கம் ஷாமிளாவின் குரல் கேட்டது.

“அம்மா?”

பயந்த குரல் இல்லை. சின்ன வயதில் தூக்கத்தில் கூப்பிடும் குரல்.

வெறுங்கையோட திரும்பமாட்டேன்.

அவர் எழுந்தார். சுவரைப் பிடித்தார்.

“புள்ள, போகாத. சுப்பம்மா, அவள விடு. நான் வாறேன். நானே வாறேன்.”

துணியில் இப்போது இரண்டு நிழல்கள். ஒன்றுக்குக் கொண்டை. ஒன்றுக்குப் பின்னல். கையோடு கை.

தாழ்ப்பாள் விலகியது. மழைச் சத்தம் பெரிதானது.

பெட்ஷீட்டைப் பிடித்து இழுத்தார். கயிறு அறுந்தது. குசினியில் குப்பி லாம்பு ஆடாமல் எரிந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. யாரும் இல்லை.

கையில் சுருண்டிருந்த ஈரத்துணியில் அந்த இரண்டு நிழல்களும் இன்னும் நடந்துகொண்டிருந்தன. சிறிதாகிக்கொண்டே போயின. பின்னல் போட்டது மட்டும் ஒருதரம் அவரைத் திரும்பிப் பார்த்தது.