ஏழாவது பொட்டு

வியாழன், காலை 7.15.

கொழுந்து பறிக்கப் போன பெண்கள் முதலில் கண்டது ஒரு கைத்தடியை. யாரோ பத்திரமாக எடுத்து வைத்ததுபோல் அது தேயிலைச் செடியின் மேல் கிடந்தது. அதற்கு இருபது அடி கீழே, கலஹாவிலிருந்து பேராதனைக்கு இறங்கும் ரோட்டின் வளைவுக்கு அடியில், ஒரு வெள்ளைக் கார் கவிழ்ந்து கிடந்தது. நான்கு சில்லுகளும் வானத்தைப் பார்த்திருந்தன.

உள்ளே இருந்தவரை எல்லோருக்கும் தெரியும். வாடகைக்கு ஓட்டும் ஹயர் கார் கறுப்பையா. வயது ஐம்பத்தெட்டு. உயிர் இல்லை.

மேலே ரோட்டில் பிரேக் பிடித்த தடமே இல்லை.

வெள்ளி, காலை 9.05.

நசுங்கிய காரைப் பொலிஸ் முற்றத்தில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். மேலே தகரக் கூரை. மழை அதன்மேல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. காப்புறுதிக் கம்பனிக்காகச் சேதம் பார்க்கும் தினுஷா கண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்.

"மிஸ்ஸுக்குப் பெரிசா வேலை இல்ல," என்றார் சார்ஜன்ட் மத்தியூ. "ஆளைப் பிடிச்சாச்சு. ரெண்டு மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறோம்."

அவர் கைகாட்டிய பக்கம், சுவரோர மர வாங்கில் ஒருவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். நகங்களில் கிரீஸ். திகனவில் கராஜ் வைத்திருக்கும் ஹுதைபா. திங்கட்கிழமை மாலை இந்தக் காருக்கு வேறு எஞ்சின் மாற்றிக் கொடுத்தவன்.

"எப்படிப் பிடிச்சீங்க?"

"இதோ பாருங்க." சார்ஜன்ட் பொனட்டை நெம்பித் திறந்தார். எஞ்சினிலிருந்து பிரேக்குக்குப் போகும் விரல் தடிமனான ரப்பர் ஹோஸ். அதன் அடிப்பக்கத்தில், கிளிப்பை ஒட்டி, ஒரு அங்குல நீளத்துக்குக் கீறல். "மாட்டும்போது கத்தி பட்டிருக்கு. கவனிக்காம விட்டுட்டான். எஞ்சின் இழுக்கிற காத்துதான் பிரேக்குக்கு உதவி. அது இதால கசிஞ்சா மிதி கல்லு மாதிரி இறுகிடும்."

"இறுகினாலும் ஏறி மிதிச்சா கார் நிக்குமே."

"கால் நல்லா இருந்தா நிக்கும். அவருக்கு வலது முழங்கால் ஒப்பரேஷன். தடியில்லாம நடக்க மாட்டாரு."

தினுஷா டோர்ச் அடித்துப் பார்த்தாள். எஞ்சினில் அங்கங்கே மஞ்சள் பொட்டுகள்.

"பூசை போட்டிருக்காங்களா?"

"செவ்வாய் காலையில. முனியாண்டி கோயில் பூசாரி சந்தனம் வெச்சிருக்காரு."

அவள் எண்ணினாள். ஏழு. ஆறு பொட்டுகள் காய்ந்து, வெயிலில் கிடந்த சேறுபோல் வெடித்திருந்தன. ஏழாவது, அந்த ஹோஸின் கிளிப்மேல் இருந்தது. அதில் வெடிப்பு இல்லை. அதிலிருந்து ஒரு மஞ்சள் வால் எஞ்சின் பக்கமாகக் கீழே வழிந்து உறைந்திருந்தது.

அவள் அதைப் படம் எடுத்தாள். பிறகு மற்றக் கிளிப்புகளைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஸ்குரூ மேலே பார்த்திருந்தது. இதில் மட்டும் கீழே.

காலை 9.40.

"ஹோஸ் பழசா?"

"புதுசு மிஸ். என்ட கையால மாட்டினது." ஹுதைபா தலை நிமிரவில்லை. "எல்லாக் கிளிப்பும் ஸ்குரூ மேல பாத்துத்தான் ஈக்கும். நாளைக்கு அடுத்தவன்ட கை போக வேணுமே."

"ஒன்று கீழே பார்த்திருக்கு."

"அப்ப அது என்ட வேலை இல்ல." முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "சொன்னா யாரு நம்புற? கராஜுக்கு முன்னால ஆக்கள் கூடி நிக்கிறாங்களாம். என்ட பொஞ்சாதி புள்ளயோட உள்ளுக்குப் பூட்டிக்கிட்டு ஈக்கிறா. நான் ரெண்டு மணிக்குக் கோர்ட்டுக்குப் போனா, குற்றம் செஞ்சவன்தான்டு முடிவு."

"கறுப்பையா உங்ககிட்ட ஏதாவது முறைப்பாடு சொன்னாரா?"

அவன் சார்ஜன்டின் மேசையில் கிடந்த தன் போனைக் காட்டினான். வியாழன் காலை 6.05க்கு வந்த குரல் பதிவு. சார்ஜன்ட் அதை ஓட விட்டார்.

*"தம்பி, காலையில இருந்து மெதுவாப் போனா கார் இழுக்க மாட்டேங்குது. கியர் போட்டா உதறி நிக்கப் பாக்குது. நல்லா ரேஸ் குடுத்தாத்தான் ஓடுது. என்ன செய்ய?"*

பின்னணியில் எஞ்சின் திக்கித் திக்கி ஓடும் சத்தம். அதோடு வேறொரு சத்தம், டக் டக் டக் என்று. கடைசியில், போனுக்குச் சற்றுத் தள்ளி, இன்னொரு ஆண் குரல்: *"திகனவுக்கே கொண்டு போங்க அண்ணே. இறக்கம்தானே, இழுவை எதுக்கு?"*

"யாரு அது?"

"ரோட்டில போன எவனாவது இருக்கும்," என்றார் சார்ஜன்ட்.

தினுஷா அதை இன்னொரு முறை கேட்டாள். "சார்ஜன்ட், நேரம் இருக்கு. கலஹாவுக்குப் போயிட்டு வருவோம்."

காலை 11.00.

செத்த வீட்டில் பறை அடங்கியிருந்தது. கறுப்பையாவின் மகள் லோஜினி வாசற்படியிலேயே உட்கார்ந்து பேசினாள்.

"செவ்வாய்க்கிழமை கார் எப்படி ஓடிச்சு?"

"பறந்துச்சு மிஸ். புதன்கிழமை பின்னேரம் பேராதனையில இருந்து அஞ்சு பேர் வந்தோம், ஒரு மூட்டை அரிசியும். அப்பா ஏத்தத்தில பாட்டுப் பாடிக்கிட்டே ஏத்தினாரு."

"ராத்திரி கார் எங்க நின்னுச்சு?"

"இங்க படிக்கட்டுத்தானே. கார் வராது. கீழ எஸ்ரன் மாமாவோட டயர் கடைக்கு முன்னாலதான் எப்பவும் விடுவாரு."

"காலையில எடுக்கும்போது?"

"பொனட்டைத் திறந்து சந்தனப் பொட்டைத் தொட்டுக் கும்பிடுவாரு. ஏழையும் எண்ணி எண்ணித் தொடுவாரு, பழைய எஞ்சின்லயும் அப்படித்தான். நாங்க சிரிப்போம். சிரிச்சிருக்கக் கூடாது."

"அப்பாவுக்கு யாரோடயாவது பகை?"

"பகை இல்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு மாசத்துக்கு முன்ன பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அக்காவை ஒரு வண்டி அடிச்சுப் போட்டுட்டு நிக்காமப் போயிருச்சு. அக்காவுக்கு ஒரு கால் இல்ல இப்ப. அப்பா அந்த வண்டியைக் கண்டிருக்காரு. தெரிஞ்ச ஆளுன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தாரு. மனசு கேக்கல. வெள்ளிக்கிழமை பொலிசுக்குப் போய்ச் சொல்லப் போறேன்னு சொன்னாரு."

"வெள்ளிக்கிழமைன்னா..."

"இன்னைக்கு, மிஸ்."

காலை 11.50.

டயர் கடை வாசலில் ஒரு ஜீப் நின்றது. முன் விளக்கு ஒன்று பழுத்து மங்கியிருந்தது. மற்றது பளிங்குபோல் புதிது.

எஸ்ரன் தண்ணீர்த் தொட்டியில் டியூப்பை அமுக்கிக்கொண்டிருந்தார். குமிழி வந்த இடத்தைத் துடைத்து, காதில் செருகியிருந்த மஞ்சள் மெழுகுக் கட்டியால் வட்டம் போட்டார். மூலையில் காற்றடிக்கும் மெஷின் டக் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"வாங்க சேர், வாங்க மிஸ். கதிரையில இருங்க. பாவம் அந்த மனுசன். திகனக்காரன் கொன்னு போட்டான்."

"கார் எப்ப இருந்து இழுக்கல?" என்று கேட்டாள் தினுஷா.

"எஞ்சின் மாத்தின நாளே! செவ்வாய்க்கிழமை இந்த மேட்டுல நாங்கதான் தள்ளி விட்டோம்."

"வியாழன் காலையில அவரைக் கண்டீங்களா?"

"இல்ல மிஸ். கடை திறக்கவே எட்டு மணியாகும்."

"பூசைக்குப் போயிருந்தீங்களா?"

"நாங்க வேதக்காரங்க, சேர்ச்சுக்குப் போறவங்க. அதெல்லாம் நமக்குத் தெரியாது."

"நானும் வேதக்காரிதான்," என்றாள் தினுஷா. "அதனாலதான் எனக்கும் முதல்ல விளங்கல."

அவள் மேசையில் கிடந்த இன்னொரு மஞ்சள் கட்டியை எடுத்தாள். ஒரு மூலையில் தேநீர்க் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. கட்டியைச் சுடும் கேத்தலின் மேல் ஒரு முறை அழுத்தினாள். மஞ்சள் பொட்டு விழுந்தது. மூவரும் பார்த்துக்கொண்டிருக்க, பொட்டு பளபளத்தது, பிறகு நீண்ட வாலாக வழிந்தது.

எஸ்ரனின் கையிலிருந்த டியூப் தண்ணீருக்குள் விழுந்தது.

"சந்தனம் சூட்டில காயும், வெடிக்கும்," என்றாள் தினுஷா. "மெழுகுதான் உருகும். புதன் ராத்திரி ஹோஸைக் கழற்றி அடியில கீறி, திரும்ப மாட்டினீங்க. இருட்டில அவசரமா மாட்டினதில ஸ்குரூ கீழே பார்த்துப் போச்சு. ஆனா கை பட்டு ஒரு பொட்டு அழிஞ்சு போச்சு. அவர் காலையில ஏழும் எண்ணுவாருன்னு உங்களுக்குத் தெரியும், தினமும் உங்க கடை வாசல்லதானே எண்ணுவாரு. அந்த நேரத்தில சந்தனத்துக்கு எங்க போறது? காதில இருந்ததை எடுத்து வெச்சீங்க. ஆறிப்போன எஞ்சின்ல அது சந்தனம் மாதிரியே இருந்துச்சு."

"மிஸ்... கராஜ்காரன் கவலையீனம்..."

"கராஜ்காரன் காரைக் குடுத்தது திங்கள். அதே ஹோஸ்தான் எஞ்சினுக்கும் காத்தைக் கசிய விடும். அது கீறுப்பட்டா, மெதுவா ஓடும்போது எஞ்சினுக்கு இழுவை போகும், வேகம் எடுத்தா தெரியாது. புதன் பின்னேரம் அஞ்சு பேரோட மேடு ஏறின கார், வியாழன் காலையில உதறுது. நீங்க செவ்வாயே தள்ளினோம்னு சொல்றீங்க. யாரும் தள்ளல. பழியைத் திங்கட்கிழமைக்குத் தள்ளப் பாத்தீங்க."

எஸ்ரன் சார்ஜன்டைப் பார்த்தார். "சேர், இதெல்லாம் ஒரு பொட்டை வெச்சு..."

சார்ஜன்ட் மத்தியூ ஹுதைபாவின் போனைப் பையிலிருந்து எடுத்தார். அந்தப் பதிவை ஓட விட்டார். *டக் டக் டக்.* மூலையில் மெஷினும் அதே தாளத்தில் அடித்தது. *"இறக்கம்தானே, இழுவை எதுக்கு?"*

"எட்டு மணிக்குத்தான் கடை திறப்பியா?" சார்ஜன்ட் அவர் கிட்டே போனார். "இது உன் குரல்தானேடா. தெரிஞ்சேதான் இறக்கத்துக்கு அனுப்பினியா?"

எஸ்ரன் ஜீப்பின் புது விளக்கைப் பார்த்தார். அதைத்தான் பார்த்தார் என்பது அவருக்கே பிறகுதான் தெரிந்தது.

"பேச்சியம்மா திடீர்னு குறுக்க வந்தா," என்றார். "கறுப்பையா அண்ணன் என்கிட்ட சொன்னாரு. வெள்ளிக்கிழமைக்கு முன்னால நீயே போய்ச் சொல்லிடு எஸ்ரன், என்னைச் சொல்ல வெச்சிராதேன்னு. ஒரு கிழமை, ஏழு நாள் குடுத்தாரு."

பகல் 1.35.

கோர்ட்டுக்குப் போக வேண்டிய பொலிஸ் ஜீப்பில் வேறு ஆள் ஏறினார். ஹுதைபாவிடம் போனைக் கொடுத்து, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கராஜ் வாசலில் நின்றவர்களைக் கலைக்கவும் ஆள் போயிருந்தது.

அவன் எழும்பவில்லை. குரல் பதிவைக் காதில் வைத்துக் கேட்டான். மறுபடியும் கேட்டான்.

"மிஸ், கேளுங்க. எஞ்சின் சத்தத்துக்கு அடியில."

தினுஷா கேட்டாள். மிக மெல்லிய சத்தம். யாரோ பல்லிடுக்கால் மூச்சை இழுப்பதுபோல், விடாமல், *ஸ்ஸ்ஸ்.*

"ஹோஸ் கசியிற சத்தம். அண்டைக்கு எங்கட கராஜ்ல மெஷின் ஓடிச்சு. நான் சரியாக் கேக்கல."

"அவர் இழுவையைப் பத்தித்தானே கேட்டாரு. நீங்களும் இழுவையைப் பத்தித்தான் நினைச்சீங்க."

"அவர் இழுவையச் சொன்னாரு. கார் பிரேக்கச் சொல்லிச்சு."

அவன் திரையைக் கீழே தள்ளினான். கறுப்பையாவின் பதிவுக்குக் கீழே அவன் அனுப்பிய பதில் இருந்தது. வியாழன் காலை 6.09. கறுப்பையா அதைப் பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் குறிகள்.

*பயப்பட ஒன்றும் இல்ல. மெதுவா இறக்கிக் கொண்டு வாங்க.*