கண் ஒப்புக்கொள்ளாத பெயர்

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் வெள்ளைக்கார டாக்டர் துரையின் பங்களாவுக்கு சௌந்தரராஜன் வேலைக்கு வந்தபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து கணக்குப் போட்ட ஏசுபாதம், சுரங்கத்தாட்களின் கண்ணைச் சோதிக்க பூமிக்கடியில் லெவல் என்னும் சுரங்க அடுக்குக்கு இறங்கி, பாறை சரிந்து செத்துப்போயிருந்தான். சாவு வீட்டில் சௌந்தரராஜனும் அழுதான். உள்ளே வயிறு குளிர்ந்துதான் இருந்தது.

துரையின் ஆராய்ச்சி இதுதான். சம நீளத்தில் இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத்தலை, மற்றதில் விரிந்த இறக்கை. இறக்கைக் கோடு நீளமாகத் தெரியும். அளந்து காட்டினாலும் கண் ஒப்புக்கொள்ளாது. கோழிகள்கூட ஏமாந்தன. இறக்கை எவ்வளவு சாய்ந்தால் கண் எவ்வளவு ஏமாறும் என்று சொல்லும் சூத்திரத்தை சௌந்தரராஜன் ஆறு மாதம் தேடினான். ஏசுபாதம் மூன்றே நாளில் கண்டுபிடித்தான்.

"இன்னாப்பா, இன்னும் கூட்டிக்கினே இருக்கிறே?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை சௌந்தரராஜனால் மன்னிக்க முடியவில்லை.

சூத்திரத்தை துரை இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் லண்டனுக்கு அனுப்புவார்.

சோதனை அறையின் சன்னல்களில் கறுப்புத் துணி. பகலிலும் ஒரு மெழுகுவத்திதான். அதன் வெளிச்சத்தில் சௌந்தரராஜன் பேனாக்கத்தியால் சூத்திரக் காகிதத்திலிருந்து ஏசுபாதத்தின் பெயரைச் சுரண்டினான்.

ஈரப்பாறை வாசனை வந்தது.

அவன் நிமிரவில்லை. தன் பெயரை எழுதினான்.

காலி நாற்காலி முனகியது.

"செத்த பிறகும் எனக்கு முன்னால உட்காரணுமா உனக்கு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான்.

சில்லென்ற இரண்டு விரல்கள் அவன் இமைகளை மூடித் திறந்தன.

காகிதத்தைப் பார்த்தான். ஏசுபாதம் என்றிருந்தது.

சுரண்டிவிட்டு மறுபடி எழுதினான்.

ஏசுபாதம்.

வாசலுக்கு ஓடி பியூன் மரியகுழந்தையிடம் நீட்டினான். மிஷன் பள்ளியில் படித்த அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "உங்க பேருதான் ஐயா. சௌந்தரராஜன்."

துரையும் அப்படித்தான் படித்தார். கைகுலுக்கினார்.

ஐந்து மாதம் கழித்து லண்டனிலிருந்து சூத்திரம் அச்சான புத்தகம் வந்தது. மாலையும் கையுமாகக் கூடியவர்களுக்கு மரியகுழந்தை அந்தப் பெயரை உரக்கப் படித்துக் காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். சௌந்தரராஜன் ஆசையோடு எட்டிப் பார்த்தான்.

ஏசுபாதம்.

கண் காட்டுவது பொய்யென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சாகும்வரை, சம்பளச் சீட்டிலோ, மகன் சிலேட்டில் எழுதிக் காட்டியதிலோ, அவன் தன் பெயரை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.