இடது சக்கரத்து எலுமிச்சை

"நைனா...!"

திருப்பதி மலையின் அலிபிரி அடிவாரத்தில் ஒலித்துக்கொண்டிருந்த கோவிந்தா கோஷம் சட்டென்று நின்றது.

அலறியவள் கீர்த்தி.

சிவப்பு நிற கூப்பே காருக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, அவளுடைய அப்பா வெங்கடரமணன் மல்லாந்து கிடந்தார். நகரிப் பக்கத்து மாந்தோப்புக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில்...

சிவப்பு!

வாகன பூஜைக்கு வந்திருந்த லாரிக்காரர்கள் ஓடி வந்தார்கள். பாதிப் பேர் செல்போனை எடுத்தார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட அல்ல, படம் எடுக்க.

"தப்புக்கோண்டி... ஏய், நவுருய்யா!"

எஸ்.ஐ. தேவயானி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

காரிலிருந்து இறங்கினான் திலீப். ஸ்ரீ சிட்டியில் இன்ஜினியர். கீர்த்தியைக் காதலிப்பவன். இந்தக் காரை அவளைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

"யாருய்யா சுட்டது?"

"யாரும் சுடல மேடம்! பூஜ முடிஞ்சி வண்டிய எடுத்துக்கினு இருந்தேன். மாமா பொத்துன்னு விழுந்துட்டாரு!"

"விரோதி யாருனா கீறாங்களா?"

கீர்த்தி மூக்கை உறிஞ்சினாள். "விரோதியெல்லாம் இல்ல மேடம்... போன வாரம் 'வண்டிய வித்தாத்தான் பொண்ணு'ன்னு நைனா சொன்னாரு. அதுக்கு இவுரு..."

"இவுரு?"

"'உங்க தலைல இடி விழ'ன்னாரு."

"கீர்த்தி! அது கோவத்துல சொன்னது!"

"எதுல சொன்னா என்ன? தலைலதான் விழுந்துகீது," என்றாள் தேவயானி.

மண்டியிட்டாள். நாடி பிடித்தாள். துடிப்பு இருந்தது. மயக்கம்தான். நெற்றியைத் தொட்டு விரலை முகர்ந்தாள்.

புருவம் உயர்ந்தது.

"ரத்தத்துல எலுமிச்சம்பழ வாசன வருமாய்யா?"

ரத்தம் இல்லை... குங்குமம்! வெங்கடரமணனின் காதோரம் கிடந்தது ஆயுதம். குங்குமம் தடவிய ஓர் எலுமிச்சம்பழம். பாதி நசுங்கியிருந்தது.

தேவயானி காரின் இடது முன்சக்கரத்துக்கு நடந்தாள். திருஷ்டி கழித்து உடைத்த பூசணிக்காய் அங்கே கூழாகக் கிடந்தது. அதன்மேல் டயர். வண்டி ஏறி நசுக்குவதற்காக இரண்டு முன்சக்கரங்களுக்கு முன்னாலும் வைத்த எலுமிச்சம்பழங்களில் இந்தப் பக்கத்துப் பழத்தைக் காணவில்லை.

"பூசணிக்கா வழுக்கி சக்கரம் சுத்திகீது. பழம் தோட்டா மாதிரி பின்னால பறந்துகீது. ஸ்டீயரிங்க ஒடிச்சி, மாமனாருக்குக் குறி வச்சி மிதிச்சிகீற. எலுமிச்சம்பழத்தால கொலை முயற்சி! என் சர்வீஸ்ல இதான் மொத கேஸ்."

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

திலீப்... சிரித்தான்!

"வேற வண்டியா இருந்தா ஒத்துக்குவேன் மேடம். இது முன்சக்கரம் இழுக்கற வண்டி. ஒரு சக்கரம் வழுக்கினா போதும், இன்ஜின் சக்தியெல்லாம் அதுக்கே ஓடிப்போயிடும். அது சும்மா சுத்தும், இன்னொண்ணு மரம் மாதிரி நிக்கும். வளைவுல மானமே போவும். ஞாயித்துக்கெழம ரேஸ். அதுக்கோசரம்தான் ரெண்டு சக்கரத்துக்கும் சக்திய பிரிச்சிக் குடுக்கற டிஃப்ரென்ஷியலையே மாத்திட்டேன்!"

"மாத்தினா?"

"ஒண்ணு வழுக்கினா இன்னொண்ணு புடிச்சி இழுக்கும். வண்டி முன்னால நகந்திருக்கும். ரெண்டு பழமும் ஜூஸ் ஆயிருக்கும். ஒரு பழத்த மட்டும் சுடற வண்டி இது இல்ல மேடம்!"

"யாரு மாத்தினது?"

"குடிபாலா மெக்கானிக் ஜெயபிரகாஷ் அண்ணன். கியர்பாக்ஸ எறக்கி, பிளேட் வச்ச புது டிஃப்ரென்ஷியல் போட்டாரு. அதோ, பூஜைக்கே வந்துகீறாரு..."

அதோ என்று கை காட்டிய இடத்தில் அண்ணன் இல்லை.

ஒரு தக்காளி லாரியின் மறைவில் அண்ணனின் முதுகு மட்டும் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது!

"பட்டுக்கோண்டி வாண்ணி... புடிய்யா அவன!"

கான்ஸ்டபிள் பாய்ந்தார்.

தேவயானி வலது டயருக்கு அருகே குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் புன்னகை.

"தம்பி, இங்க வந்து பாரு."

வலது டயருக்கு முன்னால் எலுமிச்சம்பழம்... முழுசாக இருந்தது. வைத்த குங்குமம்கூடக் கலையவில்லை.

திலீப்பின் சிரிப்பு வடிந்தது.

"வண்டி நகரவே இல்ல... இடது மட்டும் சுத்திகீது... யோவ் அண்ணா! நீ மாத்தவே இல்லியா?"

பிடித்து வரப்பட்ட ஜெயபிரகாஷ் தரையைப் பார்த்தார். "ஆயில் மாத்தினேன் தம்பி. நல்லா தொடச்சி வச்சேன்."

"தொடச்சியா! புது வண்டி மாதிரி சித்தூர்லேர்ந்து பொத்திப் பொத்தி ஓட்டிக்கினு வந்தேனேய்யா! பூஜ முடியாம வேகமா அழுத்தக் கூடாதுன்னு... அதான் தெரியவேயில்ல!"

"சரி, இவுரு மேல ஏமாத்து கேஸ். ஜீப்புல ஏறு," என்றாள் தேவயானி.

"நானும் பொண்ணு பெத்தவன் மேடம்..."

"அதுக்கும் டிஃப்ரென்ஷியலுக்கும் இன்னாய்யா சம்பந்தம்?"

"கீது."

குரல் தரையிலிருந்து வந்தது! கூட்டம் பின்வாங்கியது.

வெங்கடரமணன் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் எலுமிச்சை அளவுக்கே வீக்கம்.

"அவன வுடும்மா. மாத்தாதன்னு நான்தான் அவன் கையப் புடிச்சி கேட்டுக்கினேன். நாளைக்கி அந்த வண்டில என் பொண்ணுதான குந்தணும்? வளைவுல இவன் மெதுவாவே போவட்டும்னு..."

"நைனா!"

"அப்போ உன் மண்டைய பதம் பாத்தது உன் ஏற்பாடுதான்," என்றாள் தேவயானி. "புது சாமான் எங்க?"

வெங்கடரமணன் கையை உயர்த்தினார்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

மலை!

"தூக்கிப் போட மனசு வரல. துணில சுத்தி தலைல வச்சிக்கினு நடந்தே ஏறினேன். இன்னா இதுன்னு கேட்டவங்களுக்கெல்லாம் வேண்டுதல்னேன். தொட்டுக் கும்புட்டாங்க. உண்டியல்ல போட்டுட்டேன்."

திலீப் பூசணிக்காய்க் கூழிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மேடம்... கேஸ் போடுங்க! மீட்டுக் குடுங்க!"

"போடலாம். ஆனா பொருள் யாருகிட்ட கீதோ அவர விசாரிக்கணுமே தம்பி." தேவயானி மலைப்பக்கம் கை கூப்பினாள். "சம்மன் எடுத்துக்கினு நீ போறியா? எனக்குக் கூட்டத்துல நிக்க முடியாது."

கீர்த்தி அப்பாவின் எதிரில் வந்து நின்றாள். கண்ணீர் காய்ந்திருந்தது.

"நைனா... ஏமாத்து கேஸ்ல உள்ள போறியா, மாப்பிள்ளைக்கு மால போடறியா?"

வெங்கடரமணன் வீக்கத்தைத் தடவினார். விலங்கைப் பார்த்தார். திலீப்பைப் பார்த்தார்.

"மால வாங்கிக்கினு வா," என்றார் ஜெயபிரகாஷிடம். "அதயாவது ஏமாத்தாம வாங்கிக்கினு வா."

திலீப் எழுந்து, பேன்ட்டில் ஒட்டிய பூசணி விதையைத் தட்டிவிட்டு மாமனாருக்குக் கை கொடுத்தான்.

"வுடுங்க மாமா, சாமான் சாமிகிட்டயே இருக்கட்டும்... இந்த வருஷம் பிரம்மோற்சவத்துல தேராவது வளைவுல வழுக்காம போவட்டும்!"