குணசேகரனின் முறை

குணசேகரனின் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. லாலாகுடா ரயில்வே காலனியிலிருந்து ஒவ்வொரு ரேபிட் செஸ் போட்டிக்கும் வருகிற ஆஸ்துமாக்காரர் அவர். எதிரே உட்கார்ந்தால், விசில் வருமுன் குக்கர் சீறுவதுபோல ஒரு சத்தம் ஆட்டம் முழுக்கக் கூடவே இருக்கும். இன்று ஹப்சிகுடா கல்யாண மண்டபத்தில் தகரக்கூரை மேல் விழும் மழையும், பக்கத்து மேசைகளில் கடிகாரங்களைத் தட்டும் ஓசையும்தான் எதிரே ஆடிக்கொண்டிருந்த பிரசன்னாவின் காதில் விழுந்தன. நனைந்த கம்பளத்தின் வாடைக்கு அடியில் வேறேதோ ஒரு வாடை.

பிரசன்னாவை அவர் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. இதுதான் கடைசிப் போட்டி, டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார், உன்னை ஒரு தடவை ஜெயித்துவிட்டால் போதும் என்று போன வாரம் போனில் சிரித்திருந்தார். அவர் மனைவி தாயம்மாள் பிளாஸ்கோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் படுத்தவரை எழுப்பவே முடியவில்லை, பயந்துபோனேன், அப்புறம் அவராகவே எழுந்து சட்டை போட்டுக்கொண்டார் என்று சொல்லியிருந்தாள்.

குணசேகரன் குதிரையை நகர்த்தினார். நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

"அண்ணே, முடியலைன்னா டிரா வச்சுக்கலாம்."

"நக்கோ, வேணாம். ஆடு."

உதடு அசையவில்லை.

ஒரு ஈ அவர் கண்ணில் உட்கார்ந்தது. கருவிழி மேல் நடந்தது. இமை மூடவில்லை.

பிரசன்னா எழுந்து நின்று கத்தினான். அடுத்த மேசையில் ஆடிக்கொண்டிருந்த டாக்டர் ஆக்னஸ் வந்து குணசேகரனின் கழுத்தைத் தொட்டார். தாடையைப் பிடித்துப் பார்த்தார். விறைத்திருந்தது. உயிர் போய் மூன்று மணி நேரமாவது இருக்கும் என்றார், தான் சொன்னதையே நம்பாதவர்போல.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். தாயம்மாளின் அழுகை மழையைத் தாண்டிக் கேட்டது. பிரசன்னாவால் நகர முடியவில்லை. ஒரே ஒரு வெற்றிக்காகச் செத்த உடம்பை இழுத்துக்கொண்டு வந்த மனிதர். இன்னும் இரண்டு நகர்த்தலில் அவன் ஜெயிக்க வேண்டிய ஆட்டம். தன் ராஜாவைப் பலகையில் சாய்த்தான்.

"நீங்க ஜெயிச்சிட்டீங்க அண்ணே. போயிட்டு வாங்க."



மேசைமேல் கிடந்த கை அசைந்தது.

நீல விரல்கள். காய்களுக்கு நடுவே, மெல்ல.

விழுந்த ராஜாவைப் பிடித்தன. அதே கட்டத்தில், நிமிர்த்தி வைத்தன.