ஊசி தின்னும் சுவர்

ஆணியே இல்லாத சுவரில் கத்தரிக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது.

தையல்காரம்மாவும் அவர் மகளும் அதையே வெறித்துப் பார்த்தார்கள். மகளுக்கு எல்லோரும் வைத்த பட்டப்பெயர் வாயாடி. அவள் இன்னும் பள்ளிப் பையைக்கூடக் கழற்றவில்லை.

"நீ மாட்டுனியா?" என்று அம்மா கேட்டாள்.

"நான் இப்பதானேம்மா பள்ளிக்கூடத்துல இருந்து வரேன்!"

ஒரு வாரமாகவே அந்தச் சின்னக் கடையில் ஏதோ சரியில்லை. பலகைச் சுவரை ஒட்டிய தட்டில் வைத்த குண்டூசிகள், சற்றுக் கண் அசந்தால் நகர்ந்துபோய்ச் சுவரில் முள்முள்ளாகக் குத்திட்டு நின்றன. போதாக்குறைக்குச் சுவருக்குள்ளிருந்து 'உம்ம்ம்' என்று ஒரு முனகல் வேறு. பலகைக்கு அந்தப் பக்கம் இருந்த கடையோ மாதக்கணக்காகப் பூட்டிக் கிடப்பதாகத்தான் அவர்களுக்குத் தெரியும். அதன் வாசல் பின்தெருவில் இருந்தது.

"போதும்டி. காலி பண்ணிடலாம்," என்று அம்மா துணிகளை மூட்டை கட்டினாள்.

வாயாடிக்கு அழுகை முட்டியது. சொந்தமாக ஒரு கடை வைக்க வேண்டும் என்று அம்மா எத்தனை வருஷம் வீட்டு மூலையில் முதுகு ஒடியத் தைத்தாள்! எல்லாம் ஒரு பேயால் போவதா?

அம்மா வண்டி கூப்பிடப் போனாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

"பேயே, உனக்கு என்னதான் வேணும்?" வாயாடியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பித்தளைப் பொத்தான் ஒன்றைச் சுவரில் வைத்தாள். கீழே விழுந்தது. பிளாஸ்டிக் பொத்தானும் விழுந்தது. நூல்கண்டைச் சுவர் சீண்டவே இல்லை. ஊசியை நீட்டினாள். யாரோ வெடுக்கென்று பிடுங்கியதுபோல் அது விரலை விட்டுப் போய்ச் சுவரில் ஒட்டியது.

அவள் துள்ளிப் பின்வாங்கினாள். ஆனால் மூளை விழித்துக்கொண்டது. இரும்பை மட்டும் கேட்கிற பேய் எங்காவது உண்டா?

சிதறிய ஊசிகளைப் பொறுக்க அம்மா வைத்திருக்கும் காந்தம் மேசையில் கிடந்தது. அதைச் சுவரருகே கொண்டுபோனாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கை அவள் கையைத் தள்ளியது. அழுத்திப் பார்த்தாள். இன்னும் பலமாகத் தள்ளியது!

ஓடிவிடலாமா என்று கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காந்தத்தைத் திருப்பிப் பிடித்தாள். இப்போது சுவர் அதைச் சடக்கென்று இழுத்துக்கொண்டது.

வகுப்பில் செய்து பார்த்தது நினைவுக்கு வந்தது. ஒரே வகை முனைகள் ஒன்றையொன்று தள்ளும். வேறு வேறு முனைகள் இழுக்கும். அப்படியானால் அந்தப் பக்கம் இருப்பதும் காந்தம்தான்!

காந்தத்தைச் சுவரோடு மெல்ல நகர்த்தினாள். பலகைக்குப் பின்னால் ஏதோ சரசரவென்று கூடவே நகர்ந்தது. அவள் நிறுத்தினாள். அதுவும் நின்றது. திரும்பவும் நகர்த்தினாள்.

"ஐயோ, பேய்!" என்று அந்தப் பக்கம் ஓர் அலறல். 'டமால்' என்று யாரோ விழுந்த சத்தம்.

பாவம், நம்மைவிட அதிகமாகப் பயந்திருக்கிறார்!

"பயப்படாதீங்க," என்றாள் வாயாடி, குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோல. "நான் பேய் இல்ல. தையல் கடைப் பொண்ணு."

"என் காந்தம் தானா நகருதேம்மா!"

"இங்க இருந்து நான்தான் இழுத்தேன். உங்க காந்தம் எங்க கத்தரிக்கோலையே பிடிச்சு வச்சிருக்கு!"

பெருமூச்சு ஒன்று பலகையைத் தாண்டிக் கேட்டது. அவர் ஒலிபெருக்கி பழுதுபார்ப்பவர். போன வாரம்தான் அங்கே வந்தாராம். கழற்றிய காந்தங்களைப் பெரிதும் சிறிதுமாகச் சுவரோரம் அடுக்கியிருந்தாராம். முனகல், அவர் ஒலிபெருக்கியைச் சோதிக்கும் சத்தம்.

"உங்க பக்கம் தினமும் யாரோ நறநறன்னு பல்லைக் கடிக்கிறாங்களே, அது?"

"எங்க தையல் மிஷின்!"

அவர் காந்தங்களை அப்புறப்படுத்தினார். கத்தரிக்கோல் 'டங்'கென்று விழுந்தது. அப்போதுதான் உள்ளே நுழைந்த அம்மா துள்ளிக் குதித்தாள்.

வாயாடி விழுந்து விழுந்து சிரித்தபடி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"மன்னிச்சிடுங்கம்மா," என்றது சுவர். "ஸ்டூல்ல இருந்து விழுந்ததுல சட்டை கிழிஞ்சிடுச்சு. தைச்சுத் தருவீங்களா?"

அம்மா கீழே கிடந்த கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு வாசலை எட்டிப் பார்த்து, "வண்டிக்காரரே, நீங்க போங்க. எனக்கு வேலை வந்திருக்கு," என்றாள்.