சாவி சேராத சக்!

ராஜ்குமாரின் செல்போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

எடுக்க வேண்டிய ராஜ்குமார் லேத் மெஷினுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். நெற்றி இருந்த இடத்தில் ஒரு பள்ளம்... பள்ளம் நிறைய ரத்தம்...

திரையில் பதினோராவது தடவையாக மனைவியின் பெயர். ஞாயிற்றுக்கிழமை மட்டன் வாங்கப் போன மனுஷன் எந்த ஆட்டின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறாரோ என்று அந்தம்மாவுக்குக் கவலை.

ஓசூர் சிப்காட்டின் பின்பக்கப் பட்டறை அது. பத்தே நிமிஷத்தில் வாசலில் கூட்டம். சானமாவு காட்டுப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று கிளம்பியவர்கள்கூட வண்டியைத் திருப்பிவிட்டார்கள். யானை நாளைக்கும் வரும். பட்டறை முதலாளி தினமுமா சாவார்?

இன்ஸ்பெக்டர் சௌமியா குனிந்தார். பிணத்தின் தலைமாட்டில் கைப்பிடி வைத்த கனமான இரும்புச் சாவி. அதில் ரத்தம்... கொஞ்சம் முடி...

அது என்னவென்று விளக்கியவன் கோவிந்தன். லேத் ஓட்டும் சீனியர் டர்னர். பிணத்தைப் பார்த்து போலீசுக்குப் போன் போட்டவனும் அவன்தான்.

"சக் கீ மேடம். மெஷின் முனையில இரும்பைக் கவ்விப் பிடிக்குதே, அந்த உருளைக்குப் பேரு சக்கு. அதை முடுக்கறதுக்கு இந்தக் கீ. உருவ மறந்து மெஷினை ஆன் பண்ணா, தெறிச்சு வந்து மண்டையைப் பொளந்துடும்."

"அப்போ ஆக்சிடென்ட்?"

கோவிந்தன் மெஷின் முனையைக் காட்டினான்.

"மெஷின்ல இருக்கறது நாலு ஜா, அதாவது நாலு பல்லு வச்ச சக்குங்க. இந்தக் கீ மூணு ஜா சக்கோடது. சேராது."

கையுறை மாட்டிக்கொண்டு சௌமியாவே செருகிப் பார்த்தார். நுழையவில்லை. சாவியின் முனை பெரிது. சக்கின் துளை சிறிது.

ஆக, சாவி சக்கிலிருந்து பறக்கவில்லை... ஒரு கையிலிருந்து இறங்கியிருக்கிறது!

கொலை!

விபத்து மாதிரி ஜோடித்தவனுக்கு லேத் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

அப்படி ஒரு ஆள் பட்டறையில் இருந்தான். மாதேஸ்வரன். செத்தவருடைய மனைவியின் தம்பி. சாமான் வாங்கிப்போடும் வேலை. ஆபீஸ் ஏசியை விட்டு வெளியே வரமாட்டான். முந்தின நாள் மாமாவும் அவனும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றதை, டீ ஆறுவது தெரியாமல் எதிர்க்கடையே பார்த்திருந்தது. மாதேஸ்வரன் சட்டைப் பித்தான் எத்தனை போச்சு என்பது வரைக்கும் சொன்னார்கள்.

கெலமங்கலம் ரோட்டில் பைக்கோடு மடக்கினார்கள். ஜீப்பில் விழுந்த முதல் அறையில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் ஒரு பல் வெளியே வந்தது.

"நான் பண்ணலீங்க மேடம்... சக்கு எந்தப் பக்கம் சுத்தும்னுகூட எனக்குத் தெரியாது."

"அதுக்குத்தான்யா உன்னைப் பிடிச்சிருக்கோம்."

விலங்கு மாட்டி, பட்டறை வாசலுக்கே கொண்டுவந்து ஜீப்பில் உட்கார வைத்தார்கள். டீக்கடை தீர்ப்பே எழுதிவிட்டது. ஆயுள் தண்டனை!

கான்ஸ்டபிள் முனிராஜ் மட்டும் மெஷினையே சுற்றி வந்தார். காக்கி போடுவதற்கு முன் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவர்.

"மேடம்... செவுத்துல ரத்தம். மெஷின் மேல ரத்தம். இந்தச் சக்குல மட்டும் ஒரு சொட்டு இல்லை."

கோவிந்தனையே கழற்றச் சொன்னார்கள். கழற்றினான். சக் உட்காரும் இடம் பளபளவென்று துடைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவியிருந்தது.

முனிராஜ் மூலையிலிருந்த மூணு ஜா சக்கை உருட்டி வந்தார். மேலே சுத்தம். பற்கள் மாதிரி இருந்த ஜாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். உள்ளே, சுருள் பள்ளத்தில்...

காய்ந்தும் காயாத ரத்தம்!

"கொலை நடக்கறப்ப இதுதான் மெஷின்ல இருந்திருக்கு மேடம். அப்புறம்தான் நாலு ஜாவை மாத்தியிருக்கான். மாட்டற இடத்துல தூசி இருந்தா சக்கு கோணலா ஓடும். அது ஆபீஸ்காரனுக்குத் தெரியுமா? பக்கத்துல பொணத்தைப் போட்டுக்கினு, நிதானமா துடைச்சு எண்ணெய் போட்டு மாட்டியிருக்கான். டர்னருக்குத்தான் அந்தக் கை வரும்."

கோவிந்தனின் கை அடுத்த நொடியே இரும்பு ராடுக்குப் போனது.

படீர்!

முனிராஜின் மணிக்கட்டு உடைந்து தொங்கியது. காலரைப் பிடித்துப் பக்கத்து லேத்துக்கு இழுத்தான். சுவிட்சைத் தட்டினான். சக் சுழன்றது... முனிராஜின் முகம் அதற்கு ஒரு சாண் தூரத்தில்... அரைச் சாண்...

சௌமியா மெயின் சுவிட்சை இறக்கினார். லத்தி கோவிந்தனின் முட்டியில் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் வாசல் கூட்டம் வரைக்கும் கேட்டது.

தரையில் கிடந்தபடியே எல்லாவற்றையும் கொட்டினான். மூன்று மாதத்துக்கு முன்னால் அவன் தம்பி திம்மப்பன் அதே மெஷினில் செத்தான். சாவியை உருவ மறந்துவிட்டான் என்று போலீசில் எழுதிக்கொடுத்தவர் ராஜ்குமார். போன வாரம் மெஷின் தட்டைச் சுத்தம் செய்தபோது, கோவிந்தன் கையில் உடைந்த சக்கின் துண்டு சிக்கியது. பழைய வார்ப்பிரும்பு. உள்ளே துருப்பிடித்த விரிசல், மேலே புதுப் பெயின்ட். அந்தச் சக் வெடித்துத்தான் தம்பி செத்திருக்கிறான்.

"வீணாப்போன சக்கை வாங்கிப்போட்டுட்டு, செத்தவன் மேல பழி போட்டான் மேடம். மெஷின்ல சத்தம் வருதுன்னு வரவழைச்சேன். எந்தக் கீயைச் சொன்னானோ, அதே கீயால அடிச்சேன். மூணு அடி. மூணு அடியை ஆக்சிடென்ட்னு யாரும் நம்ப மாட்டீங்க, மொதல்ல என்னைத்தான் பிடிப்பீங்க. அதான் லேத் தெரியாதவன் ஜோடிச்ச மாதிரி இருக்கட்டும்னு சக்கை மாத்தினேன்."

வெளியே தூக்கி வந்தார்கள். ஜீப்பில் மாதேஸ்வரனின் விலங்கு கழன்றது.

விடுதலை சந்தோஷம் பொல்லாதது. கிழிந்த உதட்டோடு வாய் நிற்கவில்லை.

"மாமா பாவம் மேடம். புது ஸ்டீல் சக்குதான் வேணும்னு எழுதிக் கொடுத்தாரு. நான்தான் பெங்களூரு பழைய இரும்புக் கடையில ஒண்ணைப் புடிச்சு பெயின்ட் அடிச்சுக் கொடுத்தேன். அது வெடிச்ச அன்னிக்கு அவரு போச்சம்பள்ளி போயிருந்தாரு. வர்றதுக்குள்ள உடைஞ்சதை அள்ளிப் போட்டுட்டு, கீயை மறந்துட்டான்னு அவரை நம்ப வச்சேன். நேத்துதான் அவருக்கு விஷயம் தெரிஞ்சுது. ஸ்டேஷனுக்குப் போறேன்னு என் சட்டையைப் புடிச்சாரு..."

பாதியில் நிறுத்தினான். டீக்கடையே கேட்டுக்கொண்டிருந்தது.

கோவிந்தன் மெல்லத் தலையைத் தூக்கினான்.

கொன்றது தப்பான ஆளை. மாட்டிவிட்டது சரியான ஆளை. காப்பாற்றியது... போலீஸ்!

சௌமியா, கழற்றிய விலங்கை மாதேஸ்வரனின் அதே கையில் மறுபடி மாட்டினார்.

"மேடம்," என்றான் கோவிந்தன், ரொம்ப மரியாதையாக. "அவனை என் பக்கத்துல உட்கார வைங்க."

முனிராஜ் தொங்கும் கையைத் தாங்கிக்கொண்டு சொன்னார்.

"இன்னொரு ஜீப்பு வரட்டும் மேடம். ஞாயித்துக்கிழமை டாக்டருக்கு ஒரு போஸ்ட்மார்ட்டமே ஜாஸ்தி."